ஐப்பசியில் மண்ணைச் சோதியுங்கள்

சென்னையில் ஒரு பள்ளி வளாகத்தில் மழைநீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும் தோட்டம் அமைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்துக்கு முன்னால் கடப்பாரை வேண்டும். பெசன்ட் நகர்ப் பக்கம் கடற்கரை மணல். ஊற்றிய தண்ணீர் உடனே இறங்கிவிடும். விருகம்பாக்கத்தில் களிமண். கிண்டி, வேளச்சேரியில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு கட்டாயமாக்கியது மிக நல்ல காரியம். ஆனால் மணலுக்கு ஏற்ற குழியைக் களிமண்ணில் தோண்டினால் தண்ணீர் அதில் தேங்கித்தான் நிற்கும்.

சோதனை எளிது. இரண்டடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி நிரப்புங்கள். காய்ந்த மண் முதல் தண்ணீரை வேகமாகக் குடித்துவிடும். அந்த அளவைக் கணக்கில் எடுக்கக் கூடாது. மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இதை எந்த மாதத்தில் செய்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மே மாதம் விடுமுறை, வேலைக்கு வசதி. ஆனால் அப்போது நிலத்தடி நீர் எங்கோ கீழே கிடக்கும். வெடித்துக் கிடக்கும் களிமண்கூட ஊற்றியதையெல்லாம் உள்ளே விடும். சென்னையின் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. அப்போது நிலத்தடி நீரும் மேலேறி வந்துவிடுகிறது. ஐப்பசியில் இரண்டு நல்ல மழைக்குப் பிறகு கிடைக்கும் அளவை மட்டும் நம்புங்கள். அதற்காகப் பணியைச் சில மாதங்கள் தள்ளிப்போட்டாலும் தவறில்லை.

பிறகு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் 10 லிட்டர். கூரை 1,500 சதுர மீட்டர், சிமென்ட் தளமும் அவ்வளவே என்றால், 3 செ.மீ. மழையில் சேதாரம் போக ஒவ்வொன்றிலிருந்தும் சுமார் 40,000 லிட்டர் வரும். கூரைத் தண்ணீர் சம்புக்குப் போகட்டும். தளத்துத் தண்ணீருக்கு 200 சதுர மீட்டரில் 20 செ.மீ. பள்ளம் போதும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஒரே நாளில் வற்றிவிடும். ஒரு மில்லிமீட்டர்தான் என்றால் எட்டு நாளுக்கு மேல் நிற்கும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க அது போதும். அங்கே களியை மூன்றடி வெட்டியெடுத்து, மணலும் மக்கிய உரமும் கலந்த மண்ணை நிரப்பி, அடியில் ஜல்லிக்குள் துளையிட்ட குழாய் பதிக்க வேண்டும். செடி, வெள்ளத்தையும் கோடையையும் சேர்த்துத் தாங்க வேண்டும். வெட்டிவேர் தாங்கும், ஓரத்துக்குப் புங்கன்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட மழையை இந்தத் தோட்டம் தடுக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மிஞ்சும் தண்ணீர் வெளியேற வழி வைத்தாக வேண்டும். சாலைமேல் சாலை போட்டே பல வளாகங்கள் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டன. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் தெரு வடிகாலின் மட்டத்தை முதலிலேயே பாருங்கள். அது உயரமாக இருந்தால் அந்த வழியாகத் தெருத் தண்ணீர் உள்ளே வரும்.

தோட்டம் பெரும்பாலும் கெடுவது தண்ணீர் நுழையும் ஓரடி வாயில்தான். வேப்பஞ்சருகு, மிட்டாய்த் தாள், வண்டல் மூன்றும் சேர்ந்து அடைத்தால் மழை முழுவதும் தளத்திலேயே நிற்கும். வாய்க்கு முன்னால் ஒரு வண்டல் தொட்டி கட்டுங்கள். இரண்டு பேர் தூக்க வேண்டிய கான்கிரீட் மூடியை யாரும் திறக்க மாட்டார்கள். ஒரு கையால் எடுக்கும் கம்பி வலை போடுங்கள். புரட்டாசி முதல் வாரம் தொட்டியை அள்ளுவது யார் வேலை என்பதையும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.