குரங்குக் குட்டியா, பூனைக் குட்டியா?

அடையாறு இந்திரா நகரில் இருக்கிறது குடிநோயாளிகளுக்கான டிடிகே மருத்துவமனை. குடியால் கணவர் டி.டி. ரங்கநாதனை இழந்த சாந்தி ரங்கநாதன், அமெரிக்காவின் ஹேஸல்டன் மையத்தில் பயிற்சி பெற்று 1980இல் அதைத் தொடங்கினார். மருந்து, ஆலோசனையோடு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பன்னிரண்டு படிகளுக்கும் அங்கே இடம் உண்டு.

முதல் படியே ஆளின் ரோஷத்தைக் கிளறும்: குடியின் முன் நான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்தது, தன்னைவிடப் பெரிய சக்தி ஒன்று மீட்கும் என நம்புவது. மூன்றாவது, அதனிடம் தன்னை ஒப்படைப்பது. எல்லாம் சரி, சக்தியே இல்லாதவன் மீதி ஒன்பது படிகளை எப்படி ஏறுவான்?

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இது பழைய வழக்கு. சித்திரக்குளத்துப் பக்கம் வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகருக்கே கோயில் இருக்கிறது. தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டிபோல முக்தி பெற ஜீவனும் ஏதாவது செய்தாக வேண்டும் என்பது அவர் வழிவந்த வடகலையாரின் கட்சி. தாய்ப்பூனை கவ்விக்கொண்டு போகும் குட்டிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையார்.

1935இல் ஒஹையோவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் இரண்டு கட்சியையும் ஒரே ஏணியில் ஏற்றிவிட்டது. முதல் மூன்று படி பூனை. நான்காவதில் தன் குறைகளை எழுதிப் பார்ப்பதும், ஐந்தாவதில் அவற்றை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்வதும் குரங்கு வேலை. குறைகளை நீக்கும் பொறுப்பைக் கடவுளிடம் விடும் ஆறும் ஏழும் திரும்பவும் பூனை. எட்டும் ஒன்பதும்? யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியல் போட்டு, அவர்களுக்கு மேலும் கெடுதல் வராதபடி நேரில் போய் ஈடுசெய்ய வேண்டும். அடகுக்கடைக்குப் போன மனைவியின் வளையலுக்கு மன்னிப்பு மட்டும் போதாது. மீட்டுக் கொடுக்க வேண்டும்.

கடவுளே இல்லை என்பவர்? 1939இல் வெளிவந்த இயக்கத்தின் மூலநூலை எழுதும்போதே இந்த இழுபறி நடந்தது. நம்பிக்கையற்ற உறுப்பினர்கள் விடாப்பிடியாக நின்றதால், கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி என்று இளக்கினார்கள். பெரியார் வழியில் வளர்ந்தவர் கூட்டத்தையே அந்தப் பெரிய சக்தியாக வைத்துக்கொள்ளலாம்.

கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் சொட்டுகூடத் தொடாதவர்கள் நம் தெருவிலேயே உண்டு. மாலையைக் கழற்றியதும் டாஸ்மாக் வாசலில் நிற்பவர்களும் அவர்களில் உண்டு. சாமி குத்தத்துக்குப் பயந்த விரதத்துக்கு முடிவுத் தேதி இருக்கிறது. படிகளுக்கு இல்லை.

வைணவ ஒப்புமையும் இங்கேதான் உடைகிறது. பிரபத்தி, அதாவது சரணாகதி, ஒரே முறைதான். மறுபடி செய்தால் முதல் முறை நம்பவில்லை என்றாகிவிடும். குடிநோயாளியோ இன்று ஒரு நாள் மட்டும் என்று தினமும் சரணடைகிறார். தேசிகரும் லோகாசாரியரும் ஒருவேளை சேர்ந்தே இதை ஆட்சேபித்திருப்பார்கள்.