சொல்ல முடியாது

வங்கித் தேர்வுக்குப் படித்த நாட்களில் ஒருவகைக் கேள்வி என்னைப் பாடாய்ப் படுத்தியது. நாலு வரியில் ஒரு பத்தி, கீழே சில முடிவுகள். பத்தியை மட்டும் வைத்து ஒவ்வொரு முடிவும் சரியா, தவறா, சொல்ல முடியாதா என்று குறிக்க வேண்டும். மூன்றாவதில்தான் எனக்கு மார்க் போகும். 'அதான் தெரியுதே, இதுல என்ன சொல்ல முடியாது?' என்று தோன்றும்.

அதே சமயம் எங்கள் மேன்ஷன் அறையில் என் 2000 ரூபாய் காணாமல் போனது. அன்று கடைசியாக அறையைப் பூட்டியவனுக்குப் பணமுடை என்பது எனக்குத் தெரியும். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவனோடு பேசுவதை மட்டும் நிறுத்தினேன். பத்து நாள் கழித்துப் பணம் என் புத்தகத்துக்குள்ளேயே கிடைத்தது. அதற்குள் அவன் வேறு அறைக்குப் போய்விட்டான்.

பிறகு சிலப்பதிகாரம் படித்தபோது பாண்டியனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அரசியின் சிலம்பைக் காணோம். கோவலனிடம் ஒரு சிலம்பு இருக்கிறது. இரண்டுமே உண்மை. ஆனால் 'இதுதான் அது' என்பது இரண்டிலிருந்தும் வராது. அந்த இடைவெளியைப் பொற்கொல்லனின் பேச்சு நிரப்பியது. அவன்தான் திருடன். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்கிறான் அரசன். அந்த 'இருந்தால்' என்பதை யாருமே சோதிக்கவில்லை.

சோதித்தவள் கண்ணகி. அரசியின் சிலம்பில் முத்துப் பரல். இது அதுவானால் உள்ளே முத்து இருக்க வேண்டும். உடைத்தால் மாணிக்கம் தெறிக்கிறது. ஆகவே இது அதுவல்ல. ஓட்டையே இல்லாத தர்க்கம்தான், ஆனால் கோவலன் செத்த பிறகு வந்தது.

அந்தக் கோவலனின் மகளுக்குத்தான் மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் தர்க்கம் சொல்லித் தருகிறார். புகை இருப்பதால் மலையில் நெருப்பு உண்டு, அடுக்களையைப் போல என்று தொடங்கி, பிழையான காரணங்கள் எத்தனை வகை என்பதுவரை நீள்கிறது பாடம். அப்பாவின் சாவை நினைத்துத்தான் சாத்தனார் இதை வைத்தாரா? ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்ல முடியாது.

நண்பன் என்னால்தான் அறை மாறினானா? அதையும் சொல்ல முடியாது என்றே இத்தனை நாள் இருந்துவிட்டேன். தேர்வில் பத்தியைத் தாண்டி யாரையும் கேட்க முடியாது. இங்கே அவன் நம்பர் என் போனில் இருக்கிறது.