விலையைவிட முதலில் ஆளைப் பார்

திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்தில், பெருந்தான்னியில் ஒரு வீட்டு வாசலுக்கு 2024 ஜூலை 28 ஞாயிறு காலையில் முகத்தை மூடிய ஒரு பெண் வந்தார். கூரியர் வந்திருக்கிறது, பெயருக்குரியவரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். வீட்டிலிருந்த பெரியவர் வாங்கிக்கொள்ள வந்தபோதும் கொடுக்க மறுத்தார். உரிய பெண் வாசலுக்கு வந்ததும் ஏர்கன்னால் சுட்டுவிட்டுப் போய்விட்டார். குண்டு கையில் பட்டதால் உயிர் தப்பியது. இரண்டு நாளில் கைதானவர் ஒரு மருத்துவர். துப்பாக்கியை ஆன்லைனில் வாங்கினார், இணையக் காணொளி பார்த்துச் சுடப் பழகினார் என்று போலீஸ் சொன்னது. குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் நீதிமன்றம் விசாரிக்காத ஒரு கேள்வி ஊருக்கு மிச்சமிருக்கிறது. அந்தத் துப்பாக்கியை விற்றவருக்குப் பணம் பைசா குறையாமல் போய்ச் சேர்ந்திருக்கும். வாங்கியவருக்கும் பொருள் பழுதில்லாமல் வந்திருக்கும். வணிகக் கணக்கில் அது ஒரு குறையும் இல்லாத விற்பனை. அறத்தின் கணக்கிலும் அப்படித்தானா?

துப்பாக்கியைத் தனியாள் தனியாளுக்கு விற்கும்போது எந்த வழியில் பணம் வாங்குவது பத்திரம் என்று கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். ரொக்கமா, வங்கிக் கணக்கா, யுபிஐயா, டிமாண்ட் டிராஃப்டா என்று அடுக்குகிறார்கள். கேள்வி தவறில்லை, அது நிற்கும் இடம்தான் தவறு. பாத்திரமோ பழைய சைக்கிளோ விற்கிறவருக்கு அது முதல் கேள்வியாக இருக்கலாம். துப்பாக்கி விற்கிறவருக்கு அது கடைசிக் கேள்வியாகவே இருக்க முடியும். வாங்குகிற ஆள் யார் என்பது முதலில். கைமாறுவதற்கு எவ்வளவு காலம் பொறுப்பது என்பது அடுத்து. பணம் அதற்கும் பிறகு. இந்த வரிசையைக் குலைத்துவிட்டு, பணம் பத்திரமாக வந்ததா என்று மட்டும் பார்ப்பவர் சட்டத்துக்குத் தப்பினாலும் அறத்துக்குத் தப்ப மாட்டார்.

நம் நாட்டுச் சட்டம் இந்த வரிசையை ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவில், சொந்த உபயோகத்துக்காக முறைப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை வியாபார லைசன்ஸ் இல்லாமலே ஒருவர் விற்க அனுமதிக்கிறது. ஆனால் வாங்குபவர் ஆயுதம் வைத்துக்கொள்ளத் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும். அவருடைய பெயரையும் முகவரியையும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாள் கழியாமல் துப்பாக்கி கைமாறக் கூடாது. பணம் எந்த வழியில் வர வேண்டும் என்று அந்தப் பிரிவு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆளைச் சொல்கிறது, காலத்தைச் சொல்கிறது, அதோடு நிறுத்திக்கொள்கிறது. 2019 டிசம்பரில் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை ஒப்படைக்க ஓராண்டு தவணை கொடுத்தது. தாத்தா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி, வேட்டைக்காலத்து இரட்டைக்குழல் என்று பரம்பரைச் சொத்தாகப் பீரோவில் தூங்கியவை பல வீடுகளில் திடீரென்று அதிகப்படியாகின. தனியார் விற்பனை இன்று உயிருள்ள பிரச்சினையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

45 நாள் என்பதைச் சிவப்பு நாடா என்று சலித்துக்கொள்பவர்கள் அமெரிக்காவில் 2012 அக்டோபரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். விஸ்கான்சின் மாநிலத்தில் மனைவியைத் துன்புறுத்திய ஒருவருக்கு அக்டோபர் 18 அன்று நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது. அவர் துப்பாக்கி வைத்திருக்கவும் கூடாது. லைசன்ஸ் உள்ள கடைக்குப் போயிருந்தால் பின்னணிச் சோதனையில் மாட்டியிருப்பார். அங்கே தனியார் விற்பனைக்கு அந்தச் சோதனையை மத்தியச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆகவே ஆர்ம்ஸ்லிஸ்ட் என்ற இணையதளத்தில் தனியார் விற்பனையாளர்களை மட்டும் தேடி ஒருவரைப் பிடித்தார். 20ஆம் தேதி வாகன நிறுத்துமிடம் ஒன்றில் இருவரும் சந்தித்தார்கள். 500 டாலர் கைமாறியது. மறுநாள் புரூக்ஃபீல்டில் மனைவி வேலைபார்த்த அழகு நிலையத்துக்குள் நுழைந்து அவரையும் சேர்த்து மூன்று பெண்களைக் கொன்றார், நால்வரைக் காயப்படுத்தினார், தானும் சுட்டுக்கொண்டார். அந்த 500 டாலரில் மோசடி இல்லை, பாக்கி இல்லை, தகராறு இல்லை. விற்றவர் கேட்ட பத்திரம் முழுதாகக் கிடைத்தது. உத்தரவுக்கும் விற்பனைக்கும் நடுவே இருந்தது இரண்டே நாள். அங்கே 45 நாள் காத்திருப்பு இருந்திருந்தால் அந்த மூன்று பெண்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று அறுதியிட முடியாது. ஆனால் மறுநாள் காலையில் அவர் கையில் அந்தத் துப்பாக்கி இருந்திருக்காது என்பதைச் சொல்லலாம். இறந்தவரின் மகள் தொடுத்த வழக்கை 2019இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் தள்ளியது. அந்த இணையதளத்தைச் சட்டம் காப்பாற்றியது. சட்டம் காப்பாற்றும் இடத்தில் அறமும் காப்பாற்றும் என்று நினைப்பதுதான் நம் காலத்தின் பெரிய மயக்கம்.

முன்னோர்கள் இதில் மயங்கவில்லை. முன்பின் ஆராயாமல் அயலானை நம்புகிறவனுக்கு வரும் துன்பம் அவனோடு நில்லாமல் அவன் வழிமுறைக்கும் தீராது தொடரும் என்று தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் எச்சரிக்கிறார் வள்ளுவர். அது அரசனுக்குச் சொன்னது என்று ஒதுக்குவார்கள். உயிரை எடுக்கும் கருவியை இன்னொருவன் கையில் வைக்கிற ஒவ்வொருவனும் அந்த ஒரு கணத்தில் அரசன் வேலைதான் பார்க்கிறான். நடுவுநிலைமையில், நன்மையே தந்தாலும் நடுவு தவறி வரும் செல்வத்தை அன்றே கைவிடச் சொல்லும் வள்ளுவர், அதே அதிகாரத்தின் முடிவில் பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே வணிகனுக்கு வணிகம் என்கிறார். பிறர் பொருளுக்கே அந்த அளவு என்றால் பிறர் உயிருக்கு எவ்வளவு? புத்தர் இல்லறத்தார்க்கு விலக்கிய ஐந்து வணிகங்களில் முதலாவதாக எண்ணப்படுவது ஆயுத வணிகம். நஞ்சும் அந்த ஐந்தில் ஒன்று. சமணம் இன்னும் நுணுகிப் போகிறது. சமந்தபத்திரரின் ரத்னகரண்டகமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார் நோன்புகளை வகுக்கும்போது, கொலைக் கருவிகளைப் பிறருக்குக் கொடுப்பதையும் விலக்க வேண்டிய தீமைகளில் சேர்க்கின்றன. கொன்றவனை மட்டும் குற்றவாளியாக்கி நிறுத்தாமல், கொடுத்த கையையும் கேள்வி கேட்கிற அறம் அது.

வீரத்தைப் பாடிய புறநானூற்றிலும் ஆயுதம் யாரும் யாருக்கும் கொடுக்கும் பண்டமாக இல்லை. பொன்முடியார் பாட்டில் ஒரு காளை களத்துக்குப் போவதற்குமுன் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என்று நால்வரின் கடமை வரிசையாக வருகிறது. வேலை வடித்துக் கொடுப்பது ஒருவர் பொறுப்பு. அதை ஏந்துபவனை நல்ல நடத்தைக்குரியவனாக்குவது வேறொருவர் பொறுப்பு. கருவியும் ஒழுக்கமும் சேர்ந்தே கைக்கு வர வேண்டும் என்பது அந்த ஏற்பாடு. திருவிதாங்கூரிலும் 1750இல் மார்த்தாண்டவர்மா நாட்டையும் உடைவாளையும் பத்மநாபசுவாமியின் திருமுன் வைத்து, அடியவனாகவே அதைத் திரும்பப் பெற்றார். அதில் அரசியல் கணக்கு இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லலாம். வாள் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும் சொத்தல்ல, பதில் சொல்லக் கடமைப்பட்ட பொறுப்பு என்ற எண்ணம் அந்தச் சடங்கில் பொதிந்திருக்கிறது. கிழக்கேகோட்டைக்கும் ஸ்ரீவராகத்துக்கும் இடையே வாழ்கிறவர்களுக்கு இது எங்கோ நடந்த கதையல்ல.

சிலப்பதிகாரமோ இந்தக் கேள்விக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. கோவலன் மதுரையில் செய்யப் போனது ஒரு தனியார் விற்பனை. பொருள் அவன் வீட்டுப் பொருள். விற்கும் உரிமை அவனுக்கு உண்டு. விலையும் நியாயமாகவே எதிர்பார்த்தான். எதிரே நின்ற ஆள் யார் என்பதை மட்டும் அவன் ஆராயவில்லை. விலையைத் தீர்மானிக்கக் காத்திருந்த நேரத்தில் தலை போயிற்று, பிறகு ஓர் ஊரே எரிந்தது. சிலம்பு விற்றவனுக்கே ஆளைத் தெரியாமல் விற்றதன் கூலி அது என்றால், துப்பாக்கி விற்பவன் தலையோடு அது நிற்காது. கோவலன் ஏமாந்தது தன் உயிரைக் கொடுத்து. இவன் ஏமாந்தால் கொடுப்பது யாரோ ஒருவர் உயிர்.

விற்பவருக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அவர் குற்றவாளியல்லர், தன் பொருளுக்கு விலை கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. ராணுவ வீரர் என்று சொல்லிக்கொண்டு ஆன்லைனில் பழைய பொருள் விற்பவர்களை ஏமாற்றும் கும்பல்களும், பணம் அனுப்புவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் யுபிஐ தந்திரங்களும் நாடறிந்தவை. அந்த அச்சம் உண்மையானது. ஆனால் அது பணத்தைப் பற்றிய அச்சம். போனால் திரும்பச் சம்பாதிக்கக்கூடியதைப் பற்றியது. அதைத் தராசின் ஒரு தட்டில் வைக்கலாம். எதிர்த்தட்டில் இருப்பது திரும்ப வராத ஒன்று என்பதை மறக்காமல் வைக்க வேண்டும்.

அப்படி வைத்துப் பார்த்தால் பணம் வாங்கும் வழியும் ஓர் அறச் சோதனையாக மாறுகிறது. லைசன்ஸ் ஒருவர் பெயரில், பணம் இன்னொருவர் கணக்கிலிருந்து என்றால் உண்மையில் வாங்குபவர் யார்? மச்சான் அனுப்புவார், நண்பர் ஜிபே பண்ணுவார் என்று ஒருவர் சொல்லும் இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்வது கடமை. லைசன்ஸில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கணக்கிலிருந்து கணக்குக்கு வரும் பணம் அதற்குச் சாட்சியாக நிற்கும். ரொக்கம் விற்பவருக்கு வசதி, சாட்சிக்கு இல்லை. முன்பணத்தில் இருக்கும் ஆபத்து இன்னும் நுட்பமானது. அட்வான்ஸ் வாங்கிய கை அதற்குப் பிறகு சந்தேகப்படத் தயங்கும். வாங்குபவரின் பேச்சில் ஏதோ இடறுகிறது, லைசன்ஸின் அசலைக் காட்டத் தவிர்க்கிறார், அவசரப்படுத்துகிறார் என்று தெரியும்போது, திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை மனசாட்சியின் வாயை அடைக்கிறது. ஆகவே 45 நாள் முடியும்வரை ஒரு ரூபாய்கூட வாங்காமலிருப்பது நல்லது. விற்பவர் வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரத்தை அது கடைசிவரை காப்பாற்றும். அசல் லைசன்ஸையும் அதிலுள்ள தனி அடையாள எண்ணையும் பார்ப்பது, எழுத்தில் தெரிவித்ததற்கு ரசீது வாங்குவது, முடிந்தால் லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை வழியாகவே கைமாற்றுவது ஆகிய எல்லாமே பணத்துக்கும் பத்திரம், ஊருக்கும் பத்திரம். உண்மையில் பணம் பத்திரமாக இருப்பது இந்த வழியில்தான். மறைவில் விற்கிறவனைத்தான் மோசடிக்காரன் எளிதில் பிடிக்கிறான், ஏனென்றால் அவனால் போலீஸுக்குப் போக முடியாது.

பணத்தின் பாதையில் காவல் வைப்பது புதிய யோசனையுமல்ல. இபே 1999இலேயே துப்பாக்கி விற்பனையை நிறுத்தியது. பேபால் துப்பாக்கிக்கான பணப் பரிமாற்றத்துக்குத் தன் சேவையை அனுமதிப்பதில்லை. ஃபேஸ்புக் 2016 ஜனவரியில் தனியார் துப்பாக்கி விற்பனையைத் தடை செய்தது. துப்பாக்கிக் கடைகளுக்கென்று கார்டு பரிமாற்றத்தில் தனிக் குறியீடு ஒன்றுக்கு 2022இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு ஒப்புதல் தந்தது; அதைக் கலிபோர்னியா கட்டாயமாக்கியது, புளோரிடா தடை செய்தது. ஒவ்வொரு பரிமாற்றத்தையும் கண்காணித்தால் குடிமகனின் அந்தரங்கம் என்ன ஆகும் என்று அங்கே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, ஆனால் மருந்துக் கடைக்காரர் சில மருந்துகளை விற்கும்போது பெயரெழுதிக்கொள்வதை யாரும் அந்தரங்க மீறல் என்று சொல்வதில்லை.

குற்றவாளி எங்கே லைசன்ஸோடு வந்து வங்கியில் பணம் கட்டப்போகிறான், கள்ளச் சந்தை இருக்கவே இருக்கிறது என்பது அடிக்கடி கேட்கும் எதிர்வாதம். 2021 ஜூலையில் கோதமங்கலத்தில் ஒரு பல் மருத்துவ மாணவியைக் கொன்ற துப்பாக்கி பீகாரின் முங்கேர் பக்கத்திலிருந்து வந்தது என்று கேரளப் போலீஸ் கண்டறிந்து, அங்கே போய் ஆட்களைக் கைது செய்தது. வாதம் தன்னையே தோற்கடித்துக்கொள்கிறது. அங்கே விற்றவர்களும், வாங்குபவன் யார் என்று கேட்காமல் விலையை மட்டும் கேட்டவர்கள்தாம். கள்ளச் சந்தை கள்ளச் சந்தையாக இருப்பது பொருளால் அல்ல, அந்தக் கேளாமையால். அதே கேளாமையோடு முறையான துப்பாக்கியை விற்பவர் கள்ளச் சந்தையின் வாசலைத்தான் அகலப்படுத்துகிறார். ஏர்கன் துப்பாக்கியே அல்ல என்பார்கள். 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் 0.177 அங்குலத்துக்கு மிகாத துளையும் கொண்டதற்கு லைசன்ஸ் வேண்டாம் என்பது 2016 விதிகளின்படி சரிதான். லைசன்ஸ் வேண்டாம் என்றால் யோசனையும் வேண்டாம் என்று பொருளல்ல. காட்டுப்பன்றியால் பயிரை இழக்கும் விவசாயிக்குத் துப்பாக்கி வேண்டாமா என்பார்கள், வேண்டும். 2022இலிருந்து கேரளத்தில் உள்ளாட்சித் தலைவர்கள் பன்றியைச் சுட உத்தரவிடலாம், லைசன்ஸ் உள்ளவர்களைக் கொண்டு. உண்மையான தேவை உள்ளவர் 45 நாள் காத்திருப்பார். காத்திருக்க முடியாத தேவையைத்தான் ஐயுற வேண்டும்.

2020இல் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, திருவனந்தபுரம் சிறப்பு ஆயுதப் படையில் 25 ரைபிள்களும் 12,061 தோட்டாக்களும் கணக்கில் இல்லை என்று சொன்னபோது மாநிலமே கொதித்தது. பதிவேட்டில் பிழை, ரைபிள்கள் இருக்கின்றன என்று அரசு விளக்கிய பிறகும் கேள்விகள் ஓயவில்லை. அந்தக் கொதிப்பு நியாயமானது. அரசின் ஒவ்வொரு துப்பாக்கியும் எங்கே இருக்கிறது என்று கேட்க உரிமையுள்ள குடிமகன், தன் வீட்டுத் துப்பாக்கி எங்கே போகிறது என்பதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். விற்கிற உரிமையைச் சட்டம் தருகிறது. விற்க மறுக்கிற உரிமையை யாரும் தரத் தேவையில்லை, அது எப்போதும் அவனிடமே இருக்கிறது. ஆளைப் பற்றி ஐயம் இருக்கும்வரை அந்த உரிமையைப் பயன்படுத்துவதே அறம். நல்ல விலையை இழந்தாலும் அவன் நஷ்டப்பட்டவனாக மாட்டான்.