நம்பிய பிறகு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் ஒரு கம்பெனியில் அம்மா பதினாறு வருஷம் டெய்லராக இருந்தாள். காலர் லைன். மாதத்தில் இரண்டு மூன்று நாள் வலி தாங்காதபோது சூப்பர்வைசரிடம் போய் நிற்பாளாம். அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்துக் கையில் வைப்பார். அட்டை அவரிடமே இருக்கும். அது என்ன மாத்திரை என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. விழுங்கிவிட்டு மிஷினுக்குத் திரும்புவாள். "ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. நல்ல மனுசன்" என்று அவரைப் பற்றி அம்மா சொல்வதுண்டு.

எனக்குப் பதினேழு வயதில் வலி தொடங்கியது. முதலில் மாதவிலக்கு நாட்களில் மட்டும், பிறகு அதற்கு முந்தைய வாரமும். இருபதைத் தாண்டியபோது மாதத்தில் வலியில்லாத நாட்களை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது. அதே அம்மா என்னிடம் சொன்னது: "எனக்கு மட்டும் வலிக்கலயா? நான் என்ன மிஷின விட்டு எழுந்தா வந்தேன்?"

சூப்பர்வைசர் அம்மாவை நம்பினார். அம்மா என்னை நம்பவில்லை. இதில் எது அநீதி என்று யாராவது கேட்டிருந்தால், பல வருஷம் நான் யோசிக்காமலே பதில் சொல்லியிருப்பேன். இப்போது அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

நம்பாமையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். எலைன் ஸ்கேரி 1985இல் வெளியான 'தி பாடி இன் பெயின்' நூலில் சொல்வது சுருக்கமாக இதுதான்: வலிப்பவருக்குத் தன் வலியைவிட நிச்சயமானது எதுவும் இல்லை; அடுத்தவர் வலியைக் கேட்பவருக்கோ அதைவிடச் சந்தேகத்துக்கு இடமானது எதுவும் இல்லை. காலில் கட்டுப் போட்டிருந்தால் பஸ்ஸில் எழுந்து இடம் தருவார்கள். அடிவயிற்றுக்கு யார் கட்டுப் போடுவது? ஆவடியில் எடுத்த ஸ்கேன் நார்மல் என்றது. பூந்தமல்லியில் எடுத்த ஸ்கேனும் நார்மல். கர்ப்பப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே மெல்லிய புள்ளிகளாகப் படிந்திருந்தால் சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகள் இறுகிக் கிடந்தாலும் அதில் தெரியாது. 'என் கண்ணில் எதுவும் படவில்லை' என்று அந்தக் கருவி தன்னைப் பற்றிச் சொன்னதை, வீட்டில் என்னைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

இதில் இன்னொரு கேள்வி எப்போதும் முன்னால் வந்து நிற்கும்: "கல்யாணம் ஆயிடுச்சா?" ஆகவில்லை என்றால் உள்பரிசோதனை இல்லை, உள்வழி ஸ்கேன் இல்லை. பரிசோதனைக்கு நான் சம்மதிக்கிறேனா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. பிறக்கப்போகிற என் கல்யாணத்துக்காக என் உடம்பைத் தொடாமல் பத்திரப்படுத்தி அனுப்பினார்கள். கூடவே ஓர் ஆலோசனை: "மேரேஜ் பண்ணி வைங்க, ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்." எண்டோமெட்ரியோசிஸ் கல்யாணத்தால் குணமாகிற நோய் அல்ல, பிரசவத்தாலும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம், அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு அது இருக்கிறது. அவர்களில் பிள்ளை பெற்றவர்களும் உண்டு.

சொல்லத் தெரியாததால் நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள்! குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, பிடுங்குகிறது, இழுக்கிறது, எரிகிறது, சுண்டுகிறது. உளைச்சல் என்பதை இப்போது மனசுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். என் ஆயா அதைக் காலுக்கும் இடுப்புக்கும் சொல்வாள். வலி எப்படி இருக்கிறது என்று சொல்ல நம்மிடம் சொல் பஞ்சமே இல்லை. எங்கே இருக்கிறது என்பதில்தான் திணறுகிறோம். 'கீழ', 'அங்க', 'வயித்துக்குக் கொஞ்சம் அடியில'. மூத்திரப்பை, பெருங்குடல், கர்ப்பப்பை, அவற்றைத் தாங்கும் தசைகள், இடையில் ஓடும் நரம்புகள், எல்லாம் அந்த ஒரு 'அங்க'வுக்குள் அடங்கிவிடுகின்றன. பெயர் சொல்ல முடியாத இடத்தை வயிற்றுவலி என்று சொல்லி, வயிற்றுவலிக்கு வெந்தயமும் மோரும் வாங்கிக் குடித்தேன்.

அம்மாவின் நம்பாமையைக் கொடுமை என்று நான் இப்போது நினைப்பதில்லை. என் வலி நோய் என்றால் அவளுடையதும் நோயாக இருந்திருக்கலாம். அப்படியானால் அந்தப் பதினாறு வருஷம்? தாங்கியதைப் பெருமையாக வைத்திருக்கும் ஒருத்தியிடம், அது தாங்க வேண்டியதே இல்லை என்று சொல்வது லேசான காரியம் அல்ல. ஆனால் தாங்கியவர்களுக்கு வலியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி தானாக வந்துவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. எவ்வளவு பொறுக்க முடிந்தது என்பது அவளுக்குத் தெரியும். எதைப் பொறுத்தாள் என்பது தெரியாது.

வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதைக் குறிப்பாகச் சேர்த்தது. பெண்ணியம் நெடுநாளாகச் சொல்லிவருவதும் அதுதான்: பெண் சொல்வதை நம்பு. அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது உண்மை. ஆனால் சூப்பர்வைசர் மனதை விட்டுப் போகவில்லை. அவர் அம்மாவைச் சந்தேகப்படவே இல்லையே. உடனே நம்பினார். எங்கே, எத்தனை நாளாக, வேறு என்ன செய்கிறது என்று கேட்க அவருக்கு அவசியம் இருக்கவில்லை, ஏனென்றால் ஒரு மாத்திரை ஒரு மணிநேர டார்கெட்டைவிட மலிவு.

அம்மாவின் கம்பெனியில் மட்டும் நடந்த விஷயம் அல்ல இது. தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் சுமார் 100 பெண்களிடம் பேசி 2019இல் ஒரு புலனாய்வை வெளியிட்டார்கள். மாதவிலக்கு வலிக்குப் பெயரில்லாத மாத்திரைகளை வேலையிடத்திலேயே கொடுப்பதைப் பற்றியது அது. கொடுத்தவர்கள் பெரும்பாலும் மருத்துவம் படித்தவர்கள் அல்ல. அம்மா வேலை பார்த்த காலத்தில் நடப்பிலிருந்த 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் செவிலியர், மருத்துவப் பணியாளர்களோடு தனி அறை இருக்க வேண்டும் என்றது. சட்டத்தில் மேஜை டிராயருக்கு இடமில்லை. வலி மாத்திரை விஷமில்லைதான், நானும் போடுகிறேன். ஆனால் மாதாமாதம் வெறும் வயிற்றில் போட்டால் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். நாம் மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கும் மெஃப்டாலில் இருக்கும் மெஃபெனாமிக் அமிலம் அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையமே எச்சரித்தது. எதை விழுங்குகிறோம் என்று தெரிந்தால்தானே எதனால் தோல் தடித்தது என்று சொல்ல முடியும்?

இதே நம்பிக்கை அறுவை அரங்கிலும் இருக்கிறது. "ரொம்ப வலியா? எடுத்துடலாம்." மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் சுமார் 82,000 பேரிடம் 2019இல் எடுத்த கணக்கெடுப்பில், 13,000 பேருக்கு மேல் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையில்லாமல் நடந்த இத்தகைய அறுவைகளைப் பற்றி மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில், இவற்றைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. அந்தப் பெண்களின் வலியை யாரும் பொய் என்று சொல்லவில்லை. வலியை ஒத்துக்கொண்டார்கள். வெட்டுக்கூலிக்கு இடைஞ்சலாக இருந்த உறுப்பை எடுத்தார்கள்.

ஆகவே நம்புவதை ஒரு தொடக்கமாக மட்டுமே நான் எடுத்துக்கொள்கிறேன். நம்பியவர் அடுத்து என்ன கேட்கிறார், யாருடைய வசதிக்காகக் கேட்கிறார் என்பதில்தான் எனக்கு இப்போது அக்கறை.

என்னிடம் கேட்டவர் ஓர் அரசு மருத்துவமனையில் இருந்த மருத்துவர். எனக்கு அப்போது இருபத்தாறு. சிறுநீர் கழித்த பிறகும் முட்டுகிறதா, மலம் போகும்போது குத்துகிறதா, ஷேர் ஆட்டோவில் குலுங்கினால் கூடுகிறதா, உட்காருவதில் எந்தப் பக்கம் சாய்கிறாய் என்று கேட்டார். கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பரிசோதிக்கலாமா என்று கேட்டார். ஒரு விரலால் ஒரு தசையை அழுத்தினார். ஒன்பது வருஷ வலி அந்த இடத்தில் அப்படியே எழுந்து வந்தது. எண்டோமெட்ரியோசிஸ் இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் இப்போது அது மட்டும் இல்லை என்றார். வலிக்குப் பயந்து வருஷக்கணக்காக உடம்பு அந்தத் தசைகளை இறுக்கிப் பிடித்திருக்கிறது; இறுகிய தசையே தனி வலி. நரம்புகளும் ஓயாத எச்சரிக்கைக்குப் பழகி, சின்னச் சீண்டலுக்கும் கூப்பாடு போடுகின்றன. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்புக்கூட்டு வலி பல பேருக்கு இப்படித்தான், ஒரு காரணத்தில் பிறந்து வேறு காரணங்களில் வாழ்கிறது. கர்ப்பப்பையை எடுத்தாலும் இந்த வலி போய்விடும் என்று உத்தரவாதம் தர முடியாது என்று அன்று அவர் சொன்னது வேறு ஒருத்திக்கும் பொருந்தும் என்று எனக்கு உறைக்கவில்லை.

ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே இறுக்கச் சொன்னால் உடனே இறுக்கினேன். தளர்த்தச் சொன்னபோது தெரியவில்லை. மூச்சை அடிவயிறு வரை இறக்கித் தசையை விடக் கற்க நான்கு மாதம் ஆனது. வெந்நீர்ப் பை, ஒரு நோட்டு, நடை. இப்போதும் மாதத்தில் நாலைந்து மோசமான நாள் உண்டு. குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கிற மருத்துவர் எல்லோரிடமும் இப்படிக் கேட்க முடியுமா என்று தோழி ஒருத்தி வாதிட்டாள். முடியாதுதான். ஆனால் வீட்டில் எங்களுக்கு இருபது வருஷம் நேரம் இருந்தது. இந்த இடத்தில் என் கணக்கையும் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு நாற்பத்தோரு வயதில் ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எனக்கு அப்போது பதினாறு. அம்மாவின் தொல்லை விட்டது என்று எல்லோரையும்போல நானும் எண்ணினேன். அவள் வலியை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. ஒருநாளும் விசாரித்ததும் இல்லை.

போன தை மாதம், பயிற்சிக்காகப் பாயில் படுத்திருந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எதுக்குடி மூச்ச அங்க வரைக்கும் இழுக்குற?" என்றாள். சொன்னேன். அவள் கீரையைத் தட்டில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "உனக்கு எங்கம்மா வலிக்கும்?" என்று கேட்டேன். வலித்தது, வலிக்கும் என்ற இரண்டில் எது வாயில் வந்தது என்றுகூட நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

"எடுத்தப்புறமும் இருக்குதுடி. அதே எடம். எடுத்தாச்சு, இன்னும் வலிக்குதுன்னா சிரிப்பாங்க இல்ல?"

என் கையைப் பிடித்து இடுப்பெலும்புக்கு உள்பக்கம் வைத்தாள். "இங்க இல்ல. இன்னும் கீழ." கையை நகர்த்தினாள். பதினேழு வருஷமாக அங்கேயே இருக்கிறதாம். உட்கார்ந்து எழும்போது இழுக்கிறது, ராத்திரியில் கடுக்கிறது, மழை நாளில் குடைச்சல். ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தேன்.