சுழியத்துக்கு உரியவர் யார்?

கால்பந்தாட்டத்தில் பின்வரிசையில் நின்று காப்பவரை அரபு மொழியில் ‘முதாஃபிஃ’ என்பர். தள்ளுதல் என்று பொருள்படும் ‘தஃப்உ’ அச்சொல்லின் வேர். அவ்வேர் இவ்வடிவத்தில் வரும்போது, எதிரே ஒருவன் தள்ளிக்கொண்டு வருகிறான் என்னும் குறிப்பும் உடன் வந்துவிடுகிறது. வருபவன் இல்லையேல் முதாஃபிஃ இல்லை. பிறனுடைய செயல் நிறைவேறாமற் போவதிலேதான் இவருடைய செயல் அடங்கியிருக்கிறது. அங்ஙனமாயின், நிகழாமற்போன ஒன்றை ஒருவருடைய சாதனையாக எழுதிவைப்பது எவ்வாறு?

ஐதராபாத்தைச் சேர்ந்த செய்யிது நயீமுத்தீனின் வாழ்வை எண்ணும்போதெல்லாம் இக்கேள்வி எழுகிறது. 1970ஆம் ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய தற்காப்பு வீரர் அவர். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானை 1–0 என்ற கணக்கில் வென்று அவ்வணி வெண்கலம் பெற்றது. அதன்பின் இன்றளவும் நம் ஆடவர் அணிக்கு அவ்விளையாட்டுகளில் பதக்கம் கிட்டவில்லை. அந்தக் கணக்கைச் சற்றே உற்றுநோக்குங்கள். ஒன்றின் பக்கத்தில் கோல் போட்டவர் பெயர் அச்சாகும். சுழியத்தின் பக்கத்தில் எவர் பெயரும் அச்சாவதில்லை.

அதற்கு எட்டாண்டுகள் முன்னர், 1962இல், ஜகார்த்தாவில் நாம் தங்கம் வென்றோம். ஜர்னைல் சிங் ஆசியக் கண்டமே மதித்த தற்காப்பு வீரர். தலைக்காயத்துக்குத் தையலிட்ட நிலையில் பயிற்சியாளர் செய்யிது அப்துல் ரஹீம் அவரை முன்வரிசைக்கு மாற்றினார். தென் கொரியாவுடனான இறுதியாட்டத்தில் அவரும் ஒரு கோல் போட, 2–1 என வெற்றி வந்தது. இன்று ஜர்னைல் பெயரைச் சொன்னதும் பலர் நினைவுகூர்வது அந்தக் கோலைத்தான். ஆயுள் முழுதும் அவர் தடுத்தவை எங்கே போயின?

இங்கே ஒரு தடை எழும். நிகழாததற்கெல்லாம் புகழ் உண்டென்றால் சோம்பேறிக்கும் பங்கு கொடுக்க வேண்டுமே! உறங்குகிறவனும் திருடுவதில்லை, அதற்காக அவனை நேர்மையாளன் என்போமா? உசூல் கலை வல்லார் இதனை முன்பே ஆராய்ந்திருக்கின்றனர். ஒன்று வெறுமனே இல்லாதிருப்பது வேறு, மனம் நாடியதை முயன்று நிறுத்திக்கொள்ளும் ‘கஃப்பு’ வேறு. பின்னது செயலே என்பது அவர்களுள் பெரும்பாலோர் கருத்து. அது ஒருவன் தன்னைத்தானே தடுப்பது பற்றியது. ஆயினும் பிறனைத் தடுப்பவருக்கும் அவ்வளவை பொருந்தும் என்றே கருதுகிறேன்.

வேறுபாடு உண்டு, சரி. அதைக் காண்பவர் யார் என்பதில்தான் இடர்ப்பாடு. சிறந்த தற்காப்பு வீரர் பந்து வருமுன்னரே வரவேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறார். எதிரி அப்பக்கம் வராமலே திரும்பிவிடுகிறான். வீரர் எவ்வளவு சிறந்தவரோ அவ்வளவுக்குத் தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு அவர் சும்மா நிற்பவராகவே தோன்றுவார். உடன் ஆடியவர்களே அதை அறிவர்.

நயீமுத்தீன் பின்னர்ப் பயிற்சியாளரானார். கண்டிப்புக்குப் பெயர் பெற்றார். 1990இல் அவர் பயிற்றுவித்த ஈஸ்ட் பெங்கால் கழகம் டூராண்ட், ரோவர்ஸ், ஐ.எஃப்.ஏ. கேடயம் ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றது. அவ்வாண்டுக்குரிய துரோணாச்சாரியார் விருதும் அவருக்குக் கிடைத்தது. ஆடியவருக்கு உரிய அர்ஜுனா விருதோ 1997இல்தான் வந்தது; பாங்காக் பதக்கத்துக்கு இருபத்தேழு ஆண்டுகள் கழித்து! ஆசிரியருக்குரிய பரிசு முதலிலும் மாணாக்கனுக்குரியது பிறகும் வந்த விந்தை இது. காரணம் தேட நெடுந்தூரம் போகவேண்டாம் என்பேன். கோப்பைகளை எண்ணலாம், சுழியங்களை எண்ண முடியாது. அப்படிப் பார்த்தால், ஆசிரியர் என்ற முறையில் அவருக்குக் கிடைத்த சிறப்பும் எண்ணத்தக்கவற்றுக்கே கிடைத்தது. அவருடைய கண்டிப்பு எத்தனை இளைஞரைச் சீர்குலைவிலிருந்து நிறுத்தியது என்பதை எந்த விருதுக் குழுவால் அறிய இயலும்?

பயிற்சியாளரை அரபியர் ‘முதர்ரிப்’ என்பர். பழக்குபவர் என்பது பொருள். வழியைக் குறிக்கும் ‘தர்பு’ என்ற சொல்லும் அவ்வேரிலேயே வருகிறது. பாடம் சொல்லிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல்லின்மேல் தனி வாஞ்சை. பல்லாண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு இரவோடிரவாகப் புறப்பட்டார். வாசற்படியில் உட்காரவைத்துப் பேசினேன். விடியுமுன் பெட்டியை அவிழ்த்துவிட்டார். அவ்வாண்டுத் தேர்ச்சிப் பட்டியலில் அவர் பெயர் நடுவில் எங்கோ இருந்தது. சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டில் கண்டபோது என் பாடங்கள் பற்றியெல்லாம் பேசினார். அந்த இரவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.