அளவறிந்து இடுதல்

மீறினால் தண்டனை இல்லை என்று தெரிந்த ஒரு விதிக்கு மனிதன் கட்டுப்பட வேண்டுமா? அறவியலின் மிகப் பழைய வினாக்களுள் இதுவும் ஒன்று. நூலகத்திலும் மறையுரை மேடையிலும் எழுந்த இவ்வினா, இன்று வயல் வரப்பிலும் எழுந்து நிற்கின்றது.

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் உரோமை நகரில் கூடிய ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் மாநாடு, உரங்களின் நிலைத்த பயன்பாட்டிற்கும் மேலாண்மைக்குமான பன்னாட்டு நடத்தை நெறியை ஏற்றுக்கொண்டது. அரசுகள், உர உற்பத்தியாளர், வணிகர், ஆய்வாளர், வேளாண் ஆலோசகர், உழவர் என ஒவ்வொருவருக்கும் உரிய கடமைகளை அது எடுத்துரைக்கின்றது. மண்ணை ஆய்ந்தறிந்து உரமிடுதல், உரத்தின் தரத்தைச் சோதித்தல், மூட்டையின்மேல் உண்மையான விவரங்களை அச்சிடுதல், கழிவுகளில் உள்ள ஊட்டங்களைத் தீங்கின்றி மண்ணுக்கே திருப்புதல் ஆகியவை அதன் கருத்துகள். ஆயினும் அந்நெறி எவரையும் சட்டத்தால் கட்டுவதில்லை. விரும்பி ஏற்போருக்கே அது வழிகாட்டி. அப்படியானால் அதனால் விளையும் பயன்தான் என்ன?

இதற்கு விடை காணுமுன், உரம் என்பது நன்மையா தீமையா என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் பயிரின் வேர் அதனை நேரே எடுத்துக்கொள்ள இயலாது. ஜெர்மானிய வேதியியலார் ஃபிரிட்ஸ் ஹாபர் அதனை அம்மோனியாவாக மாற்றும் வழியை 1909இல் செய்து காட்டினார். கார்ல் பாஷ் அதனை ஆலைத்தொழிலாக வளர்க்க, 1913இல் ஒப்பாவ் என்னுமிடத்தில் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு இவ்வாறு ஆக்கப்படும் தழைச்சத்தைச் சார்ந்திருப்பதாக அறிவியலார் மதிப்பிடுகின்றனர். அதே ஹாபர்தான் 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் குளோரின் நச்சுவாயு ஏவப்பட்டபோது அதனை முன்னின்று நடத்தியவர். அறிவு ஆற்றலைத் தரும். அந்த ஆற்றலை எதற்கு, எவ்வளவு பயன்படுத்துவது என்பதை மனச்சான்றே சொல்ல வேண்டும்.

வயலில் இடப்படும் தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதியே பயிரைச் சேர்கின்றது. எஞ்சியது மறைந்துவிடுவதில்லை. ஒரு பகுதி நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் கலக்கின்றது. ஒரு பகுதி ஏரி, குளங்களில் பாசியைப் பெருக்கி மீனினத்தை மூச்சுத்திணற வைக்கின்றது. மற்றும் ஒரு பகுதி, கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டும் நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் ஏறுகின்றது. நைட்ரேட் மிகுந்த நீரில் கரைத்த பாலைப் பருகும் பச்சிளங்குழந்தையின் குருதி, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். உடல் நீலம் பாரிக்கும். அதனால்தான் குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது.

உரமிட்டவர் ஒருவர், நீர் பருகுவது வேறொருவரின் குழந்தை. இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். தமக்கு அடுத்திருப்பவர் யார் என்று திருச்சட்ட அறிஞர் ஒருவர் இயேசுவிடம் கேட்டார் அன்றோ? மண்ணுக்கடியில் ஓடும் நீர் அக்கேள்விக்கு ஒரு விடையை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

அப்படியானால் உரத்தைக் குறைப்பதே அறம் என்று முடிவு கட்டலாமா? அதுவும் பொருந்தாது. 2006ஆம் ஆண்டு நைஜீரியாவின் அபுஜா நகரில் கூடிய ஆப்பிரிக்க நாடுகள், எக்டேருக்குச் சராசரி 8 கிலோவாக இருந்த உர ஊட்டத்தை 2015ஆம் ஆண்டிற்குள் 50 கிலோவாக உயர்த்த உறுதி பூண்டன. அக்குறிக்கோள் உரிய காலத்தில் நிறைவேறவில்லை. ஆண்டுதோறும் விளைச்சலோடு ஊட்டத்தையும் அள்ளிச் சென்று, திருப்பி ஒன்றும் கொடாவிடில், நிலம் படிப்படியாக வறுமையுறும். நிலத்தோடு அதனை நம்பிய குடும்பமும் வறுமையுறும். ஆகவே ஒரே நெறி ஓர் உழவரிடம் 'குறைத்திடுக' என்றும், மற்றோர் உழவரிடம் 'கூட்டியிடுக' என்றும் சொல்ல வேண்டியுள்ளது. இது முரண்பாடன்று. நற்பண்பு மிகைக்கும் குறைக்கும் நடுவே நிற்பது என்றும், அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிப்பதே நீதி என்றும் புனித தோமா அக்குவினார் கற்பித்தார். எல்லார்க்கும் ஒரே அளவு என்பது கணக்கு. அவரவர்க்கு ஏற்ற அளவு என்பதே நீதி.

அளவைக் காக்க வேண்டியவர் யார்? உழவர்தான் என்று விரல் நீட்டுவது எளிது. ஆனால் உழவரின் கையை இயக்குவது அவருடைய மனம் மட்டுமன்று. 1992 ஆகஸ்டில் இந்திய அரசு மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. யூரியாவின் விலையை மட்டும் கட்டுக்குள் வைத்துக்கொண்டது. மற்றவற்றின் விலை ஏறவே, உழவர்கள் மலிவான யூரியாவின் பக்கம் சாய்ந்தனர். நான்குக்கு இரண்டுக்கு ஒன்று என்று வல்லுநர் பரிந்துரைத்துவந்த ஊட்ட விகிதம் குலைந்தது. கடன்பட்டுச் சாகுபடி செய்பவர், மலிவாகக் கிடைப்பதையும் பயிரை விரைவில் பச்சையாக்கிக் காட்டுவதையும் நாடியதில் வியப்பில்லை. விலையை வகுத்தவருக்கு அதில் பங்கில்லையா? அளவு கேட்பவரிடம் கூடுதலாக ஒரு மூட்டையை விற்றனுப்பும் வணிகருக்குப் பங்கில்லையா? அதிகாரம் எவ்வளவோ, பொறுப்பும் அவ்வளவு. பன்னாட்டு நெறி கடமைகளை உழவர் தலையில் மட்டும் சுமத்தாமல் அனைவருக்கும் பகிர்ந்தளிப்பதில்தான் அதன் அறச்சிறப்பு அடங்கியுள்ளது.

நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்கு இலங்கை நமக்கு அண்மைச் சான்று. 2021ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. இயற்கை வேளாண்மைக்கு மாறுவது விரும்பத்தக்க இலக்குதான். ஆனால் மாற்று உரம் போதிய அளவு ஆயத்தமாகவில்லை. மண்ணுக்கும் உழவருக்கும் கால இடைவெளி தரப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோதும், அடுத்து வந்த பெரும்போக நெல் விளைச்சல் பெருமளவில் வீழ்ந்தது. மிகையாக இடுதல் பொறுமையின்மை என்றால், ஒரே நாளில் நிறுத்துதலும் பொறுமையின்மையே. இரண்டின் விலையையும் கொடுத்தவர் ஏழைகள்.

இனி, முதல் வினாவுக்கு வருவோம். தண்டனையற்ற நெறிக்கு வலிமை உண்டா? 1985ஆம் ஆண்டு இதே அமைப்பு பூச்சிக்கொல்லிகளுக்கு ஒரு நடத்தை நெறியை ஏற்றபோது, அதற்கும் சட்ட வலிமை இருக்கவில்லை. 1989இல், நச்சுப்பொருள் ஒன்றை அனுப்புமுன் பெறும் நாட்டின் முன்னிசைவைக் கேட்க வேண்டும் என்னும் முறை அதில் சேர்க்கப்பட்டது. 1998இல் அம்முறையே ராட்டர்டாம் உடன்படிக்கையாகி, 2004இல் சட்ட வலிமையுடன் நடைமுறைக்கு வந்தது. மனச்சான்று முதலில் ஏற்றதைச் சட்டம் பின்னர் எழுதிக்கொண்டது. ஆகவே விருப்பநெறி என்பது வலுவற்ற சட்டமன்று. சட்டத்தின் விதை எனலாம். விதைக்கும் காலம் தேவை, காப்பவரும் தேவை.

தொடக்கநூலில் இறைவன் மனிதனிடம் தோட்டத்தை ஒப்படைத்தபோது, பண்படுத்தவும் பாதுகாக்கவும் ஒப்படைத்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் இவ்விரு கடமைகளையும் பிரிக்கலாகாது என்பதை நினைவூட்டினார். நம் வள்ளுவரும் உழுதலினும் எருவிடுதல் நன்று என்றதோடு நில்லாமல், நீர்ப்பாய்ச்சுதலினும் காத்தல் நன்று என்று முடித்தார். பண்படுத்தக் கற்ற நாம், பாதுகாக்கக் கற்றோமா?

லூக்கா நற்செய்தியில் கனிகொடாத அத்திமரத்தின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மரத்தை வெட்டச் சொன்ன உரிமையாளரிடம் தோட்டப் பணியாளர் ஓராண்டுத் தவணை கேட்கிறார். எருவை மட்டும் அள்ளிக் கொட்டுவதாக அவர் சொல்லவில்லை; முதலில் சுற்றிலும் கொத்திவிடுவதாகவும், பின் எருவிடுவதாகவும் சொல்கிறார். மண்ணைத் தொட்டுப் பார்த்த பிறகே எரு. எருவிட்ட பிறகும் பொறுமை. அவருக்கு அவ்வுழைப்பை விதித்த சட்டம் எதுவும் அங்கில்லை. மரத்தின்மேல் அவருக்கு இருந்த அக்கறையே அவரைக் கட்டியது.