நகலெடுப்பது திருட்டா?

மேலூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர் அரபு இலக்கண நூலொன்றின் ஜெராக்ஸ் பிரதியுடன் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், மதுரைக் கடைகளிலெல்லாம் தேடிவிட்டேன். பதிப்புத் தீர்ந்து பல ஆண்டுகளாயிற்றாம். நூலகப் பிரதியிலிருந்து எடுத்தேன். இது ஹலாலா?" என்றார்.

உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. ஓதும் காலத்தில் உஸ்தாதின் கிதாபை இரவல் வாங்கி, அரிக்கேன் விளக்கடியில் பக்கம் பக்கமாக நோட்டில் எழுதிக்கொண்டவர்தாமே நாமும்! அன்று அதை எவரும் திருட்டென்று சொல்லவில்லை. ஒரு மாதம் கை செய்த வேலையை இன்று இயந்திரம் ஒரு நாழிகையில் முடித்துவிடுகிறது. பதிப்பாளரின் அச்சம் அங்கேதான் பிறந்தது. அது வீண் அச்சமென்று நாம் கூறமாட்டோம். நூலாசிரியரின் உரிமை ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டதே என்று 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவையும் தீர்மானித்துள்ளது. பிறர் நூலை நகலெடுத்து, அட்டை போட்டு விற்பவன் ஆசிரியரின் கஞ்சிக் கலயத்தில் கைவைக்கிறான். அவனுக்காக நாம் வாதாட வரவில்லை.

மாணவரின் நிலை வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஆசிரியரும் மாணவரும் கற்பித்தலின்போது எடுக்கும் நகலை 52ஆம் பிரிவில் விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் எத்தனை பக்கம்? ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய பெரும் பதிப்பகங்கள் 2012இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும், அதன் வளாகத்து நகல் கடை மீதும் தொடுத்த வழக்கின் சாரம் இதுதான். 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு, பக்கக் கணக்கு அளவுகோல் அன்று, கற்பித்தலுக்குத் தேவையா என்பதே கேள்வி என்று கூறி, அந்தத் தேவையை விசாரிக்கப் பணித்தது. 2017இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

நல்ல தீர்ப்புத்தான். ஆயினும் அது ஒரு நீதிமன்றத்தின் விளக்கமே. வேறொரு மாநில உயர்நீதிமன்றம் அதற்குக் கட்டுப்பட்டதன்று. அந்த விளக்கத்தைச் சட்டத்தின் சொல்லாகவே நாடாளுமன்றம் எழுதிவைத்தால் என்ன? ஆசிரியர் மறைந்த பின்னும் அறுபது ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. மறுபதிப்பும் செய்யாமல், நகலுக்கும் இசையாமல் பூட்டி வைக்கப்படும் நூலால் ஆசிரியரின் வாரிசுக்கு ஒரு காசு உண்டா?

"படித்துக்கொள்ளுங்கள் தம்பி, விற்காதீர்கள். மறுபதிப்பு வந்தால் ஒன்று வாங்கிவிடுங்கள்" என்றோம். மகிழ்ந்து எழுந்தவர் வாசலில் நின்று, "மதரஸாவில் சேராமல் வீட்டிலிருந்தே ஓதும் என் தோழருக்கும் ஒரு பிரதி எடுக்கலாமா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். அதற்கான விடையைச் சட்டத்திலும் கிதாபுகளிலும் நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.